ஹூட்டருக்கு முன் சவாசனம்

போன ஞாயிற்றுக்கிழமை, படப்பைக்கு உள்ளடங்கின எங்கள் மனைப்பிரிவைப் பார்க்க ஒரு கணவனும் மனைவியும் காரில் வந்திருந்தார்கள். மனை விற்பதுதான் இப்போது எனக்கு உத்தியோகம். "சார், இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வருது, அந்தப் பக்கம் ஸ்கூல் வருது" என்று இரண்டு கைகளையும் நீட்டி வெறும் பொட்டலைக் காட்டவேண்டும். ஆஸ்பத்திரி வருகிறதோ இல்லையோ, வாரம் தவறாமல் நான் வந்து கையை நீட்டிக்கொண்டிருக்கிறேன். போக்குவரத்துப் போலீஸ்காரருக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அவர் கை காட்டினால் ஏதாவது ஒன்று வரும்.

அங்கே ஒரு யோகா மேடை இருக்கிறது. சிமெண்டில் வட்டமாக ஒரு திட்டு, நடுவில் பெயிண்டில் தாமரை. விளம்பர நோட்டீஸில் அதற்குத் தனிப் படமே உண்டு. இன்றுவரை அதன்மேல் யோகா பண்ணியவை பக்கத்து ஊர் ஆடுகள் மட்டும்தான். நாலு காலையும் ஊன்றி, கண்ணைப் பாதி மூடி, எதையுமே யோசிக்காமல் வெகுநேரம் நிற்கும். மனுஷனுக்கு அந்த நிலை வர ஒரு ஆயுசு ஆகும் என்கிறார்கள்.

ஆடுகளை விரட்டிவிட்டு மேடையைக் காட்டியதும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கார் டிக்கியிலிருந்து சுருட்டின பாய் ஒன்றை எடுத்துவந்து விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, கணவரைப் போட்டோ எடுக்கச் சொன்னார். டிக்கிக்குள் கிடந்து சூடேறின ரப்பர் பாய். அதன் வாசனை குப்பென்று வந்தது.

"நீங்க யோகா பண்ணுவீங்களா தம்பி?"

"முன்னாடி பண்ணிட்டிருந்தேன் மேடம்."

"அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?"

"வேல போச்சு, அதோட அதுவும் போச்சு."

"ஓ, யோகா மாஸ்டரா இருந்தீங்களா?"

என் தொப்பையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இப்படிக் கேட்க ஒரு பெரிய மனசு வேண்டும். இல்லை மேடம் என்று சொல்லிவிட்டுக் கிழக்குப் பார்த்த மனைகளைக் காட்டக் கிளம்பிவிட்டேன். மூக்கு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த ரப்பர் வாசனையில் ஒரு குறை இருந்தது. கூடவே சாக்ஸ் நாற்றம் இல்லை.

எனக்குத் தெரிந்த யோகாவில் சாக்ஸ் நாற்றம் முக்கியமான அங்கம். ஒரகடத்தில், கார்க் கதவுகளுக்கு உள்பாகங்கள் பூட்டுகிற ஒரு கம்பெனியில் நான் ட்ரெய்னியாக இருந்தேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோவைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவன். காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால், கம்பெனி வளாகத்துக்குள் ஒரு தகரக் கொட்டகையில் யோகா வகுப்பு நடக்கும். இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூக்களை எல்லாரும் வரிசையாகக் கழற்றிப் போடுவோம். நேற்றைய ஓவர்டைம், முந்தாநாள் ஓவர்டைம் எல்லாம் அந்தக் காற்றில் இருக்கும். அங்கே நின்றுகொண்டு "மூச்சை ஆழமாக உள்ளே இழுங்கள்" என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

அந்த நெஞ்சழுத்தத்தின் பெயர் காஞ்சனா மேடம். பிள்ளைப்பாக்கத்து மருமகள். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். பாய்களைக் கட்டாகக் கட்டி ஸ்கூட்டரின் பின்னால் வைத்துக்கொண்டு, எங்கள் கம்பெனி பஸ்ஸை முந்திக்கொண்டு வருவார். கம்பெனி நிற்கிற இடத்தில் ஒரு பகுதி முன்பு அவர் மாமனாருடைய நிலமாக இருந்தது. அதை அவர் ஒரு வருத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "நீ படுத்துகினு கீறியே, அந்த எடத்துல மல்லாட்ட காயப்போட்டுகினு இருந்தோம்" என்பார், பஸ் ஸ்டாப்புக்கு வழி சொல்கிற மாதிரி. மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் ஊரில் வெறும் கடலை. அது தெரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. அதுவரை ஏதோ புதிய ஆசனத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

வகுப்பு எடுக்கும்போது மேடம் புத்தகத் தமிழில் பேசுவார். வகுப்புக்கு வெளியே பிள்ளைப்பாக்கத்துத் தமிழ். சில சமயம் இரண்டும் ஒரே மூச்சில் வரும். "கண்களை மெதுவாக மூடிக்கொள்ளுங்கள். மனதில் அமைதி பரவட்டும். தே, பின்னாடி இன்னாடா சிரிப்பு? வந்தேன்னு வெச்சுக்கோ. அமைதி... அமைதி..."

இந்த வகுப்பைக் கம்பெனி எதற்கு ஆரம்பித்தது என்று எங்களுக்குத் தெரியாது. உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது, ஆன்மாவுக்கும் நல்லது என்று எச்.ஆரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். கீழே 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று போட்டு, செய்கிற வேலையில் முழுக் கவனம் வைப்பது என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். இதையே எங்கள் அப்பா பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டி இலவசமாகச் சொல்லித் தந்திருக்கிறார். நான் ஆன்மாவுக்காகப் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் சூடான பாலும் தருவார்கள். அதற்காகப் போனேன்.

என்னைப் பிடித்து இழுத்துப் போனவன் சுடலைமுத்து. என் ரூம்மேட். நாங்குநேரிக்காரன், கம்பெனியில் கதவுகள் நகர்ந்துவருகிற அதே லைனில் எனக்கு அடுத்த ஸ்டேஷனில் நிற்பவன். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி ரூமில் இருந்தோம். "ஏல, சும்மா குனிஞ்சு நிமிந்தா பால் தாராவளாம். ஊர்ல மாடுகூட அதுக்குமேல பாடுபடுதுல" என்றான்.

குனிவதும் அவ்வளவு லேசான காரியமில்லை. நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடச் சொன்னார்கள். என் கை முழங்காலோடு நின்றுவிட்டது. எனக்கும் என் பாதத்துக்கும் அத்தனை வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடம் வந்து முதுகில் கையை வைத்து அழுத்தினார். எங்கோ 'படக்' என்றது. "பயப்படாதப்பா, ஒண்ணும் ஒடையல" என்றார். பக்கத்திலிருந்து சுடலை, "மேடம், அவன் அப்பிடியே மடங்கிட்டாம்னா பார்சல் கட்டி ஊருக்கு அனுப்பிரலாம்" என்றான்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது. நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற இடுப்புக்கு அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஒரு வரப்பிரசாதம். முதுகுவலி குறைந்தது. ரூமில் பாத்ரூம் வரிசைக்காகப் போடுகிற சண்டைகூடக் கொஞ்சம் குறைந்தது. பாலில் ஆரம்பித்த பக்தி மெல்ல மூச்சுக்கு வந்தது. உள்ளே இழுக்கிற மூச்சு குளிர்ச்சியாகவும் வெளியே விடுகிற மூச்சு வெதுவெதுப்பாகவும் இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. இருபத்துச் சொச்சம் வருஷம் அந்த மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்காதீர்கள்.

எங்கள் லைனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். என் ஸ்டேஷனில் மேலேயிருந்து ஒரு ஸ்க்ரூ கன் ஸ்பிரிங்கில் தொங்கும். குழாயில் வருகிற அழுத்தக் காற்றில் ஓடுவது. கதவு வரும். கன்னை இழுத்து ஸ்க்ரூவில் வைத்து அழுத்தினால் அது கையோடு சேர்த்து ஒரு உதறு உதறி நிற்கும். விட்டால் மேலே போய்விடும். அதற்குள் அடுத்த கதவு வந்திருக்கும். கதவுக்குக் கதவு ஒரே இடைவெளி. கொஞ்ச நாளில் பார்க்கவே வேண்டியதில்லை. கதவு வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே கை கன்னைப் பிடித்திருக்கும். லைன் நின்றுபோன நாளில்கூட இல்லாத கதவுக்கு எங்கள் கை மேலே போய் வரும். ஏதாவது தடங்கல் என்றால் தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுக்கவேண்டும். ஒரு இசை ஒலிக்கும், லீடர் ஓடிவருவார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு இசை.

மேடத்துக்கு இதெல்லாம் தெரியாது. ஒருநாள் எங்களைக் கண் மூடிப் படுக்கவைத்துவிட்டு, மனசு அடங்கட்டும் என்று போனில் ஒரு குழலிசையைப் போட்டார். அது அப்படியே எங்கள் பகுதியின் இசை. பிணமாகக் கிடந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் உயிர்த்தெழுந்தோம். ரெண்டு பேர் ஷூவைத் தேடினார்கள். படுத்திருந்தவர்களில் ஒருவர் லீடர். அவர் கண்ணைத் திறக்காமலே "எந்த ஸ்டேஷன், எந்த ஸ்டேஷன்" என்று கொட்டகைத் தூணில் போய் முட்டிக்கொண்டார். மேடம் பயந்துபோய், "இன்னாப்பா, பாம்பா?" என்றார். அதற்குப்பின் அந்த வகுப்பில் இசை கிடையாது. அவர் குரல் மட்டும்தான்.

அந்தக் குரலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கடைசியில் சவாசனம். மல்லாந்து பிணம்போலக் கிடப்பது. முதல் நாளே எனக்குக் கச்சிதமாக வந்த ஒரே ஆசனம். அதில் மேடம் உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "வலது கை... கட்டைவிரல்... ஆள்காட்டி விரல்... நடுவிரல்... மோதிர விரல்... சுண்டுவிரல்..." கூப்பிடக் கூப்பிட நம் கவனம் அங்கே போய், அந்த விரலை விசாரித்துவிட்டு, அடுத்ததற்கு நகரவேண்டும். வலது கை, இடது கை, அப்புறம் கால். காலில் பாதி தூரம் போவதற்குள் ஷிஃப்ட் ஹூட்டர் ஊதிவிடும். வாரிச்சுருட்டி எழுந்து, ஒரு கையில் வாழைப்பழம், ஒரு கையில் ஷூ என்று ஓடுவோம். அதற்கு மேல் அந்தச் சவாசனத்தில் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் வழக்கம்போல வலது கையைக் கூப்பிட்டார். என் கவனம் தோளிலிருந்து இறங்கி, முழங்கை வழியாக மணிக்கட்டுக்கு வந்தது. கட்டைவிரல் இருந்தது. ஆள்காட்டி, நடுவிரல் இருந்தன. மோதிர விரலில் மங்கலாக ஏதோ இருந்தது. சுண்டுவிரலில் யாரும் இல்லை. 'இதோட கடைசி, எல்லாரும் எறங்குங்க' என்று ஷேர் ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டது மாதிரி கவனம் அங்கேயே நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். விரல் இருந்தது. மூடினேன். இல்லை.

பயந்தாயா என்று கேட்பீர்கள். பயமும் மணிக்கட்டு வரைதான் வந்தது என்று நினைக்கிறேன். ஹூட்டர் ஊதியது. எழுந்து பாலைக் குடித்துவிட்டு லைனுக்குப் போய்விட்டேன்.

இதைக் கண்டுபிடித்தவர் மேடம்தான். ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்புகிற ஆசனம் ஒன்று உண்டு. எல்லாருடைய கையும் கூம்பி நிற்க, என் வலது சுண்டுவிரல் மட்டும் தனியாக விலகி, வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற பிள்ளை மாதிரி நின்றிருக்கிறது. வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். கையைப் பிடித்துப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"நல்லா பாத்து சொல்லு. வலிக்குதா?"

"எங்க மேடம், நீங்க கிள்ளுங்க, சொல்றேன்."

"கிள்ளிகினுதான்ப்பா கீறேன்."

குனிந்து பார்த்தேன். அவருடைய நகம் என் விரலில் நன்றாகப் பதிந்திருந்தது.

நேரம்தான் எனக்குக் கொஞ்சம் இக்கட்டான நேரம். ட்ரெய்னிகளுக்குச் சாம்பல் சட்டை, பர்மனென்ட் ஆனவர்களுக்கு நீலச் சட்டை. எங்கள் பேட்ச்சின் பயிற்சிக்காலம் முடிகிற சமயம். நீலச் சட்டைக்கான பட்டியலில் என் பேரும் சுடலை பேரும் இருப்பதாக லீடர் காதில் போட்டிருந்தார். பாக்கி இருந்தது மெடிக்கல் ஒன்றுதான். கன் பிடிக்கிற ஸ்டேஷன்காரர்களுக்கு அதில் கையையும் பார்ப்பார்கள். ஊரில் அம்மா ஏற்கனவே ஒரு பெண் வீட்டில், பையன் பர்மனென்ட் ஆகப்போகிறான் என்று சொல்லிவைத்திருந்தாள். நீலச் சட்டை கிடைத்தால் கல்யாணம், கிடைக்காவிட்டால் ஊருக்குப் பஸ். இடையில் எதுவும் இல்லை.

"முதல்ல ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல போய் சொல்லு. வேற ஸ்டேஷன் கேளு" என்றார் மேடம்.

"இப்ப கேட்டா லிஸ்ட்லருந்து எடுத்துருவாங்க மேடம். நீலச் சட்டையப் போட்டுட்டு மொத ஆளா நானே போய்ச் சொல்றேன். நீங்க மட்டும்..."

"நான் எதுக்கு சொல்லப்போறேன்? நாளைக்கு டீ கிளாஸ் கையிலேர்ந்து வுழும் பாரு, அது சொல்லும்."

அப்படிச் சொன்னாரே தவிர, மறுநாளிலிருந்து எனக்கென்று தனியாகக் கைக்கு நாலைந்து பயிற்சி கொடுத்தார். விரலை மடக்குவது, விரிப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது. சவாசனத்திலும் ஒரு மாற்றம் வந்தது. வலது கைக்கு வந்ததும் குரல் மெதுவாகும். "மோதிர விரல்..." என்று இரண்டு முறை கூப்பிடுவார். "சுண்டுவிரல்... சுண்டுவிரல்..." என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். யாரோ ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கால் வரைக்கும் போகாமலே ஹூட்டர் ஊத ஆரம்பித்தது. "மேடத்துக்கு ரெக்கார்டு சிக்கிக்கிட்டுல" என்றான் சுடலை. அவனிடம் அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பலன் இருந்ததா? இருந்தது. ஒருநாள் சவாசனத்தில் கையில் குறுகுறுவென்று ஊர்ந்தது. உணர்ச்சி திரும்பும்போது எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருக்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. பக்கத்துப் பாயில் கிடந்த சுடலையிடம் கண்ணைத் திறக்காமலே கிசுகிசுத்தேன். "டேய், வந்துருச்சுடா. எறும்பு ஊர்ற மாதிரியே இருக்குடா."

அவன் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். "மாப்ள, எறும்புதாம்ல ஊருது" என்றான்.

முந்தின நாள் எவனோ பாய்க்கடியில் வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஒரு படையே வந்திருந்தது. மணிக்கட்டில் ஊர்ந்ததுதான் எனக்குத் தெரிந்தது. சுண்டுவிரலிலும் ஏழெட்டு ஊர்ந்துகொண்டிருந்தன. அது சுடலைக்கு மட்டும்தான் தெரிந்தது.

மெடிக்கலுக்கு முந்தின வாரம் சுடலை பொறுப்பை எடுத்துக்கொண்டான். போன பேட்ச்சில் நீலச் சட்டை வாங்கின ஒருவரிடம் விசாரித்து வந்திருந்தான். கண்ணை மூடச் சொல்வார்கள். பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, 'தெரியுதா' என்பார்கள். கட்டைவிரலில் ஆரம்பித்து வரிசையாகத்தான் போவார்கள். "இதுக்காடா பயந்து சாவுத? மூணு விரலு ஒனக்கே தெரியும். மிச்சம் ரெண்டுக்கு அதே தாளத்துல 'தெரியுது'ன்னு சொல்லிட்டுப் போ. நம்ம லைன் தாளந்தான். அது ஒனக்கு ரத்தத்துல ஊறிக் கெடக்கு."

சாயங்காலங்களில் ரூமில் ஒத்திகை நடந்தது. காது குடையும் குச்சியைப் பிடித்துக்கொண்டு அவன் டாக்டர், பனியனோடு நான் நோயாளி. கண்ணை மூடுவேன். தொடுவான். தெரியுது. தொடுவான். தெரியுது. கதவு வருகிற இடைவெளிதான். கன்னை இழுப்பதற்குப் பதில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ரெண்டு நாளில் நான் பிழையே இல்லாமல் அஞ்சு விரலும் சொன்னேன். சுடலை குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "போல, பொண்ணு வீட்டுக்கு போன் போடு. மாப்பிள்ளைக்கு அஞ்சு விரலும் பேசுதுன்னு சொல்லு" என்றான்.

மெடிக்கல் நாளன்று ட்ரெய்னிங் ஹாலில் வரிசை. எடை, உயரம், கண், ரத்தம் எல்லாம் தாண்டி டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். வயசானவர். காலையிலிருந்து எத்தனை பேருடைய கையைப் பிடித்தாரோ, களைத்திருந்தார். பக்கத்தில் ஒரு நர்ஸ்.

"கண்ண மூடுப்பா. தொட்டா சொல்லு."

மூடினேன். மூச்சை மெதுவாக இழுத்தேன், மேடம் சொல்லித்தந்தபடி. கட்டைவிரலில் பஞ்சு பட்டது.

"தெரியுதா?"

"தெரியுது சார்."

ஆள்காட்டி. தெரியுது சார். நடுவிரல். தெரியுது சார். தாளம் அப்படியே லைன் தாளம். அவர் இப்போது 'தெரியுதா' என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார், தொடுவதும் நான் சொல்வதும்தான். மோதிர விரலுக்கான நேரம் வந்தது.

"தெரியுது சார்."

சத்தமே இல்லை. சரி, அடுத்த கதவு.

"தெரியுது சார்."

"கண்ணத் தொற" என்றார் டாக்டர்.

திறந்தேன். எதிரே நாற்காலியில் அவர் இல்லை. மேஜைக்கடியில் குனிந்திருந்தார். பஞ்சு கை தவறிக் கீழே விழுந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் இன்னும் தொடவே இல்லையேப்பா."

உங்களுக்கு என்னைத் தெரியும். வாய் சும்மா இருக்காது. "யோகா பண்றேன் சார். முன்கூட்டியே தெரிஞ்சுடுது" என்றேன்.

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டரும் சிரித்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒரு நல்ல ஜோக்குக்கு உண்டான மரியாதை எல்லாம் கிடைத்தது. சிரித்து முடித்ததும் டாக்டர் புதுப் பஞ்சு கேட்கவில்லை. ஒரு ஊசியை எடுத்துவரச் சொன்னார். இந்தத் தடவை சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தார். அதற்கப்புறம் வரிசையே இல்லை. நான் அடக்கமாக, தெரிந்தபோது தெரியுது என்றும் தெரியாதபோது ஒன்றும் சொல்லாமலும் இருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. "இத்தன நாள் ஏம்ப்பா சொல்லல? இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், கன்னின் உதறல்தான் நரம்பைக் கெடுத்திருக்கிறது, கன் பிடிக்கிற வேலை இனிமேல் கூடாது என்றார். எச்.ஆரில் ஒரு பெண் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, எல்லாம் உங்க ஹெல்த்துக்காகத்தான் என்றது. என் பயிற்சிக்காலம் அந்த மாதத்தோடு முடிகிறது, வேறு ஸ்டேஷனில் இப்போது இடமில்லை, அவ்வளவுதான் விஷயம். ஷிஃப்ட் நடுவே பாத்ரூமுக்குள் போய், அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. வந்ததற்கு வேறொரு காரியத்தை முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "அப்ப அவுகளுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றாள். கையில பிரச்சினைன்னு சொல்லு என்றேன். "கையிலன்னா, எந்தக் கையில?" என்று கேட்டாள். வலது கை என்றேன்.

சுடலைக்கு நீலச் சட்டை கிடைத்தது. அதை அவன் ரூமுக்குக் கொண்டுவந்து, நான் பார்க்காத நேரமாகப் பார்த்து, தன் பெட்டிக்கு அடியில் வைத்தான். நான் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தோள் கொஞ்சம் பெரிசு. "ஒனக்குச் சேரலல" என்றான். அவன் அடித்த ஜோக்குகளில் எங்கள் இரண்டு பேருக்குமே சிரிப்பு வராதது அது ஒன்றுதான்.

ஷூ, அடையாள அட்டை, லாக்கர் சாவி எல்லாம் ஒப்படைக்க ஒருநாள் போகவேண்டியிருந்தது. எச்.ஆர். திறப்பதென்னவோ ஒன்பது மணிக்கு. கம்பெனி பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு வண்டி இல்லை. ஆகவே ஷிஃப்ட்காரர்களோடு விடிகாலையிலேயே போய் இறங்கி, கையில் ஒரு பையோடு கொட்டகை ஓரமாக நின்றேன். சாக்ஸ் நாற்றம் வழக்கம்போல. மேடம் பார்த்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்கவேண்டும்.

"இன்னாத்துக்கு வேடிக்க பாத்துகினு நிக்கிற? பாய் கீது, வந்து படு."

போனேன். குனிந்தேன், நிமிர்ந்தேன். அன்றைக்குப் பாதத்தைத் தொட்டேன் என்று சொல்ல ஆசைதான், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. சவாசனம் வந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். சுண்டுவிரலை இரண்டு முறை கூப்பிட்டார். காத்திருந்தார். இடது கை. கால். ஹூட்டர்.

எல்லாரும் எழுந்து ஓடினார்கள். தகரக் கொட்டகை அதிர்ந்து அடங்கியது. என் உடம்பும் பாதி எழுந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஓடுவதற்கு இடம் இல்லை என்பது ஞாபகம் வந்தது. மறுபடி படுத்தேன்.

"இருப்பா" என்றார் மேடம். "இதுக்கு மேலயும் கீது. யாரும் இருந்தது கிடையாது."

பிறகு அவர் குரல் புத்தகத் தமிழுக்கு மாறியது. இடது கால், பாதம், வயிறு, நெஞ்சு, தொண்டை, முகம் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். நெற்றி வரை போனார். கம்பெனிக்குள் லைன் ஓட ஆரம்பித்த சத்தம் தூரத்தில் கேட்டது. என் கை அந்தத் தாளத்துக்கு எழும்பும் என்று எதிர்பார்த்தேன். எழும்பவில்லை. வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் நினைக்கவில்லை. ஆனந்தம் என்றோ ஞானம் என்றோ அதற்குப் பேர் வைத்தால் அது பொய். வெறும் தகரக் கூரை, கீழே நான், அவ்வளவுதான்.

கடைசியில் சொன்னார். "இப்போது மெதுவாக, மிக மெதுவாக, கை விரல்களை அசையுங்கள்."

அசைத்தேன். அசைந்ததா என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்து, தலையைத் தூக்கி, வலது கையைப் பார்த்தேன். அஞ்சும் அசைந்துகொண்டிருந்தன.

"நான் இன்னும் கண்ண தொறக்கச் சொல்லலியே" என்றார்.

"சரியா அசையுதான்னு பாத்தேன் மேடம்."

மேடம் பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் இடது கையால் பாய்க்கட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டர் வரை போய் வைத்தேன். எனக்கான வாழைப்பழத்தை என் பையில் போட்டுவிட்டு அவர் போய்விட்டார். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. அங்கே லாரிகள் நிற்கின்றன. சாம்பல் சட்டை, நீலச் சட்டை எல்லாம் போய் இப்போது எல்லாருக்கும் ஒரே நிறமாம். என் ஸ்டேஷனில் மனுஷனே கிடையாது, ஒரு இயந்திரக் கை வைத்திருக்கிறார்கள் என்று சுடலைதான் சொன்னான். "ஒன்னவிட நல்லா பண்ணுதுல, ஆனா பேச்சுத்துணைக்கு ஆவாது" என்றான். அவனும் ஓசூர்ப் பக்கம் போய்விட்டான். பொங்கலுக்கு ஒரு போன், தீபாவளிக்கு ஒரு போன். யோகா வகுப்புக்குப் பதிலாக கேண்டீன் டிவியில் ஏதோ வீடியோ ஓடியதாம், அதுவும் நின்றுவிட்டதாம். மேடம் தண்டலம் பக்கம் ஒரு காலேஜில் வகுப்பு எடுப்பதாக ஒருவர் சொன்னார், அதெல்லாம் விட்டுவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார்.

என் கைக்கு வைத்தியம் பார்த்தேன். மோதிர விரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது. மற்றது அப்படியேதான் இருக்கிறது. ஒன்றும் குறையில்லை. பேனா பிடிக்கிறேன், பைக் ஓட்டுகிறேன், பொட்டலைக் காட்டுகிறேன். சில நாள் தூக்கம் வராமல் மல்லாந்து கிடக்கும்போது நானே கூப்பிட்டுப் பார்ப்பேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று போய், அதற்குள் வேறு யோசனை வந்து எங்கேயோ இறங்கிவிடுவேன். நமக்கு நாமே கூப்பிட்டுக்கொண்டால் நிற்கத் தோன்றுவதில்லை. என் சுண்டுவிரலைப் பேர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க இப்போது யாருமில்லை.